தங்கவயல் ஆஸ்பத்திரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோலார் தங்கவயல்காரன். பிறந்ததே கம்பெனி ஆஸ்பத்திரியில்தான். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், கிஃபோர்ட் சாஃப்ட் என்ற ஆழ்குழி வழியாக இறங்கி, பாறைக்கு ஓட்டை போடுகிற மெஷினை முப்பது வருடம் பிடித்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று. நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அப்பா வரமாட்டேன் என்கிறார். பனி ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் விடவில்லை என்று சொல்லிக்கொண்டு கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய அதே லைன் வீட்டில் இருக்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஆஸ்பத்திரி வழியாக நடந்தேன். கொரோனா சமயத்தில் அதைச் சுத்தம் செய்து திறந்தபோது, இனி மூட மாட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்ததை நம்மவர்களால் பூட்டி வைக்கத்தான் முடிந்தது. இடிப்பார்களா, விற்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அதை மியூசியம் ஆக்கச் சொல்லி நண்பர்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் கையெழுத்திட வேண்டும்.

தங்கவயல் வாசகர் ஒருவர்
பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனுவில் இரண்டு இடங்களைத் திருத்திய பிறகு.

முதலாவது, அந்த வெள்ளைக்காரன். லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தங்கவயலில் கால்வைத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க யாரும் அவ்வளவு கம்பி இழுப்பதில்லை. சுரங்கம் ஓட வேண்டியிருந்தது, இழுத்தார்கள். ஆஸ்பத்திரியும் அதே கணக்கில் வந்ததுதான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இறங்கிய கூலிகள், பெரும்பாலும் சேரிகளிலிருந்து புறப்பட்டவர்கள், மறுநாள் சங்கு ஊதும்போது சாஃப்ட் வாசலில் நிற்க வேண்டும். கட்டடம் உறுதியானது, வைத்தியம் நல்ல வைத்தியம், மறுக்கவில்லை. நன்றிக்கடன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது 1956இல். 1962இல் அது மத்திய அரசிடம் போனது. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். 2001இல் மூடும்வரை நாற்பத்தைந்து வருடம் அந்த ஆஸ்பத்திரியை நடத்தியது நம்மவர்கள்தான். உங்கள் கணக்குப்படி நீங்கள் பிறந்தது 1989இல். உங்களைக் கையில் ஏந்தியது பொதுத்துறை ஊழியர் ஒருவர். ‘வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரி’ என்று எழுதும்போது அந்த மனுஷியை அழித்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, மியூசியம். உங்கள் ஊருக்கு நான் ஒருமுறைதான் வந்திருக்கிறேன். மாரிகுப்பம் ஸ்டேஷனில் அதிகாலை ரயிலுக்காக நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். ஒரு ஊரே படுக்க மட்டும் வீட்டுக்கு வருகிறது. பகலில் ஊரில் இருப்பவர்கள் கிழவர்கள், கிழவிகள், பிள்ளைகள். கே.ஜி.எஃப். சினிமாவுக்குப் பிறகு சயனைடு மேட்டில், அதாவது தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்றில், போட்டோ எடுக்க வருகிறவர்களும் உண்டு. மியூசியம் திறந்தால் இந்தக் கடைசிக் கூட்டம் வரும். டிக்கெட் எடுத்து, பழைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும். மூச்சு வாங்குகிற ஒரு மனிதர் அதே சாலையில் ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடிக்கொண்டிருப்பார்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டீக்கடையில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். பேச்சு சுரங்கத்தின் பக்கம் திரும்பியதும் எழுந்து போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் ஒரு எக்ஸ்ரே இருந்தது. ஓரம் மடங்கி, பழுப்பேறியது. காலண்டருக்குப் பின்னால் சுவரோடு வைத்திருக்கிறாராம். அதை வெயிலுக்குப் பிடித்து, ஒரு ஊர்ப்படத்தைக் காட்டுவதுபோல விரலால் காட்டினார்: “இந்தப் புள்ளி புள்ளியா தெரியுதே சார், இதெல்லாம் சாம்பியன் ரீஃபு.”

தங்கவயலில் இருந்து வெளியே போன தங்கம் 800 டன்னுக்கு மேல். உள்ளே தங்கியது அந்தப் புள்ளிகள். பாறையைத் துளைக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பருக்கை மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூள்தான் நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்கார்ந்து தழும்பாகும். வேலையை விட்ட பிறகும் அந்தத் தழும்பு வளரும், இருபது வருடம் கழித்தும். காசநோய்க்கும் அது கதவைத் திறந்துவிடும். 1940களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்கிற இந்தத் தூசி நோய் இருந்தது. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் பாடப்புத்தகத்தில் படிக்கிற எண் இது. உங்கள் ஊர் நுரையீரல்களின் எண்.

அதனால் எனக்குக் கட்டடத்தைவிட உள்ளே இருந்த காகிதத்தின் மேல்தான் கவலை. எக்ஸ்ரேக்கள், நோயாளிப் பதிவேடுகள், ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்து அடிபட்டு வந்தவர்களின் குறிப்புகள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் வேலை பார்த்த இடம் உலகத்தில் அதிகமில்லை. அவர்கள் உடம்புக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு அந்தக் காகிதங்களில்தான் இருக்க முடியும். கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். கரையான் தின்ற பதிவேட்டை யார் திரும்ப எழுதுவது? மனுவின் முதல் வரியில் இதைக் கேளுங்கள்: பதிவேடுகள் எங்கே, யார் பொறுப்பில், பார்க்க அனுமதி உண்டா.

யாரிடம் கேட்பது என்பதுதான் தலைவலி. சுரங்கம் மூடினாலும் நிறுவனம் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. 12,000 ஏக்கருக்கு மேல் நிலம் அதன் பேரில். மேலே டெல்லியில் சுரங்க அமைச்சகம். இன்னொரு பக்கம் மாநில அரசு, சும்மா கிடக்கும் நிலத்தைக் கொடுங்கள், தொழிற்பேட்டை கட்டுகிறோம் என்கிறது. 13 கழிவு மேடுகளில் கிடக்கும் 3.3 கோடி டன் மண்ணை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. சயனைடு மேட்டு மண்ணில் டன்னுக்கு எவ்வளவு தங்கம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, ஊருக்கு நாலு வேலை வந்தால் சரி. ஆனால் அந்த மண்ணைக் கிளறினால் மறுபடியும் தூசி பறக்கும். அந்தத் தூசியை மூச்சில் வாங்கப்போகிறவர்களைச் சோதிக்க ஒரு இடம் வேண்டாமா?

இருக்கிறதே, அதே ஆஸ்பத்திரி. 2021இல் நடந்ததை மியூசியத்துக்கு அல்ல, இதற்குச் சாட்சியாகச் சேருங்கள். இருபது வருடம் பூட்டிக் கிடந்த இடத்தைத் தொண்டர்கள் கூட்டிக் கழுவி, சில வாரங்களில் 300 படுக்கைகள் போட்டார்கள். அந்தச் சுவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஒரு டாக்டரும் நாலு நர்சுகளும்தான் இல்லை. முழு ஆஸ்பத்திரி கேட்டால் பணம் இல்லை என்பார்கள். ஒரு கட்டடத்தை மட்டும் நுரையீரல் மருத்துவமனையாகக் கேளுங்கள். ஒரு எக்ஸ்ரே அறை, மூச்சின் அளவைப் பார்க்கிற கருவி, ஆக்சிஜன். மீதிக் கட்டடத்தில் மியூசியம் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வந்து டிக்கெட் எடுக்கிறேன்.

ஒரு பிரதி டெல்லிக்கு, ஒரு பிரதி கர்நாடகச் சுகாதாரத் துறைக்கு. ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்.

இதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பனி என்று அப்பாதான் சொல்கிறார். முப்பது வருடம் மெஷின் பிடித்தவர். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவரைக் கூட்டிவந்து பெங்களூரில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், சுரங்கத்தில் பாறை துளைத்தவர் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். என்ன வேலை பார்த்தவர் என்று தெரியாவிட்டால் காசநோய் என்று நினைத்து மருந்து எழுதிவிடுவதும் நடக்கிறது. கிளம்பும் முன்னால் வீட்டில் பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பீரோவுக்கு மேலே, காலண்டருக்குப் பின்னாலே.