அடி விழும் வீட்டில் குழந்தை எப்படித் தாக்குப்பிடிக்கிறது? கேள்வி பதில்

பல வருடங்களாகக் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லி வருகிறேன். அடிக்கடி என்னிடம் வரும் நான்கு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, என் தங்கை மகனை அவன் அப்பா கண்மூடித்தனமாக அடிக்கிறார். ஆனாலும் அவன் அப்பாவிடம்தான் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறான். அப்படியென்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லையோ?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். சோறு போடுபவரும் அவர்தான், அடிப்பவரும் அவர்தான். அவரை வெறுத்துவிட்டு அந்த வீட்டில் ஒரு நாளைக்கூட அவனால் ஓட்ட முடியாது. அதனால் 'அப்பா நல்லவர், நான்தான் கெட்ட பையன்' என்று முடிவு கட்டிவிடுகிறான். நெஞ்சு பதறுகிற முடிவுதான். ஆனால் தப்பு தன்னுடையது என்றால், தான் திருந்தினால் அடி நின்றுவிடும் என்ற நம்பிக்கையாவது அவனுக்கு மிஞ்சும். தப்பு அப்பாவுடையது என்றால் அந்த நம்பிக்கையும் போய்விடும். ஸ்காட்லாந்து உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் 1943லேயே இதை எழுதிவிட்டார்.

அவனிடம் அப்பாவைத் திட்டாதீர்கள். அவரைக் காப்பாற்றுவதற்காக உங்களிடம் வாயையே திறக்க மாட்டான். "அடித்தது தப்பு. அது உன்னால் நடக்கவில்லை." இதைப் பல தடவை சொல்லுங்கள், ஒரு தடவையில் உள்ளே இறங்காது.

நான் ஆசிரியை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே ஒரு மாணவி உறைந்துபோகிறாள். பாடமும் ஏறவில்லை. மந்தமான பிள்ளையா?

இல்லை, அவள் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் காலடிச் சத்தம், கதவைச் சாத்தும் வேகம், இதையெல்லாம் வைத்தே இன்று ராத்திரி எப்படிப் போகும் என்று கணிக்கப் பழகியவள். உளவியலாளர் செத் போலக்கின் ஆய்வுகளில், மங்கலான படத்திலிருந்து முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வரும்போது, அடி வாங்கிய குழந்தைகள் மற்றவர்களுக்கு முன்பே கோபத்தைக் கண்டுகொண்டார்கள். கவனம் மொத்தமும் உங்கள் முகத்தில் இருந்தால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் இன்றே பேசுங்கள். நீங்களாக வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டாம். நீங்கள் கிளம்பியதும் அதற்கான அடி அவளுக்குத்தான் விழும்.

சின்ன வயதில் அடி விழும்போது, வேறு யாருக்கோ நடப்பதைத் தள்ளி நின்று பார்ப்பது போல இருக்கும். இது பைத்தியமா? நானும் என் பிள்ளையை அடிப்பேனா?

பைத்தியம் இல்லை. உடம்பால் ஓட முடியாத இடத்திலிருந்து மனது மட்டும் விலகி நின்றிருக்கிறது. இப்போதும் அப்படி நடந்தால் நல்ல ஆலோசகரைப் பாருங்கள். அப்புறம், அடி வாங்கி வளர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் பிள்ளைகளை வதைப்பதில்லை.

நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரி. என்னால் என்ன ஆகும்?

நிறைய ஆகும். ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சண்டை எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வந்தார்கள். பாட்டியோ ஆசிரியரோ, நம்பி ஒண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார்.

அந்தப் பிள்ளை வந்தால் உட்காரவிடுங்கள், துருவிக் கேட்காதீர்கள். அதுவாகச் சொன்னால் நம்புங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.