உப்புக் காற்று வீட்டில் அப்பா படம் விழாமல் இருக்க

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீடு கடலுக்குப் பக்கம். ஹாலில் மாட்டிய அப்பா படம் இரண்டாவது தடவையாக விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. இன்னும் பெரிய ஆணியாக அடித்தால் நிற்குமா?"

நிற்காது, சகோதரி. ஆணி பெரிதானால் பூச்சு இன்னும் உடையும், அவ்வளவுதான். விழுந்த ஆணியை எடுத்துப் பாருங்கள், சுவருக்குள் இருந்த பகுதி துருவேறி உப்பி, நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக உதிரும். இரும்பு துருப்பிடித்தால் பருத்துவிடும், அந்த நெருக்கலில் சுற்றியிருக்கும் பூச்சு விட்டுப்போகும், நம் பக்கத்து உப்புக் காற்றில் இது சீக்கிரமே நடக்கும். உள்பூச்சே சுமார் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் 2க்கு 3 அடி படத்தில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டும் ஐந்தரை கிலோ வரும், சட்டமும் மாலையும் தனி. அதனால் பிடிமானம் பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் இடம். பழைய ஓட்டையிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று கேட்டாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ அந்த இடம் வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடவே கூடாது, உள்ளே வயர் போகும்.

அப்புறம் 6 மில்லிமீட்டர் பிட்டால் இரண்டரை அங்குல ஆழம் துளை போட்டு, தூசியை நன்றாக ஊதி எடுத்துவிட்டு (இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், தூசி இருந்தால் ஸ்குரூவைப் பிடிக்கும் பிளக் துளைக்குள் சுழலும்) பிளாஸ்டிக் பிளக்கைச் செங்கல்லுக்குள் போகும் வரை தள்ளி, 2 அங்குல ஸ்குரூவை முடுக்குங்கள். ஸ்குரூ கட்டாயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதில் 316 என்ற ரகம் கிடைத்தால் அதுதான் கடலோரத்துக்கு நல்லது, அதில் உப்பைத் தாங்க மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பார்கள். கடையில் காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டென்று ஒட்டினால் வாங்காதீர்கள். ஸ்குரூ ஒன்று போதாது, படத்தின் அகலத்துக்குள் இரண்டு போடுங்கள், ஒன்று தளர்ந்தாலும் படம் சாயும், கீழே வராது.

கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்புமாக இருக்கும். உங்கள் வீடும் அப்படியென்றால் டிரில்லில் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுழல விடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும். கனமான படத்துக்கு, ஒரு தேக்குக் கட்டையைச் சுவரில் நாலு இடத்தில் முடுக்கி அதில் மாட்டுவதுதான் நிம்மதி.

படத்தின் பின்னால் கட்டுக்கம்பி இருக்கிறதா? அதையும் மாற்றிவிடுங்கள், ஸ்குரூ நின்றாலும் அது துருப்பிடித்து அறுந்துவிடும். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும். மழை மாதத்தில் அப்பா முகத்தில் பூஞ்சை படியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.