19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க இதழ்களில் நகைச்சுவையும் விளம்பரமும் எப்படிச் சேர்ந்தன?

முதல் காரணம் காசுதான். 1879-இல் இதழ்களுக்கான தபால் கட்டணம் சலுகையானது. 1893-இல் 'மன்சீஸ்' என்ற மாத இதழ் தன் விலையை 10 சென்டுக்கு இறக்கியது. இதழை விற்று வரும் பணம் போதாது, விளம்பரம்தான் சோறு போட்டது. 'பக்', 'ஜட்ஜ்', 'லைஃப்' போன்ற நகைச்சுவை வார இதழ்களிலும் விளம்பரம் உண்டு.

எனக்குப் பிடித்தது பியர்ஸ் சோப்புக் கதை. அமெரிக்கப் பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சர்கூட அதற்கு நற்சான்று கொடுத்தார். (சாமியார் விளம்பரம் இன்று நேற்று வந்ததில்லை!) இந்த நற்சான்று மோகத்தை லண்டன் நகைச்சுவை இதழான 'பஞ்ச்' 1884-இல் ஒரு கேலிப்படத்தில் கிண்டலடித்தது: அழுக்கு மூட்டையாக ஒரு நாடோடி, ரெண்டு வருஷம் முன்னால் உங்கள் சோப்பைப் போட்டேன், அப்புறம் வேறு சோப்பே தொடவில்லை என்று கடிதம் எழுதுகிறான். கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் படத்தையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது.