அரை மில்லிமீட்டர் ஒட்டுண்ணிக் குளவிக்குப் பெயர் வைப்பது: கேள்வி பதில்

அவ்வளவு சிறிய உடலில் சிற்றினம் பிரிக்க என்னதான் இருக்கிறது, மேடம்?

நிறைய இருக்கிறது. உணர்கொம்பின் கணுக்கள், இறக்கையின் நரம்பு, ஓர மயிர்களின் நீளம். பாதத்தில் மூன்றே கணுக்கள் என்றால் டிரைக்கோகிரம்மா குடும்பம். குடும்பம் வரை எளிது, அதற்குப் பிறகுதான் பாடு. முன்பு அந்தக் குடும்பத்தின் டிரைக்கோகிரம்மா பேரினத்துச் சிற்றினங்களை நிறம், பருமன் பார்த்துப் பிரித்தார்கள். நிறம் வெப்பநிலையால் மாறும்; பருமன், குளவி எந்தப் பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆணின் பிறப்புறுப்பு வடிவமே நம்பத்தக்கது என்பதை 1971-இல் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் எடுத்துக்காட்டினார்கள். இன்றும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்னிடம் இருப்பவை எல்லாமே பெண்கள்!

வோல்பாக்கியா பாக்டீரியா காரணமாக இருக்கலாம். வழக்கமாகக் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும்; அது தொற்றிய கூட்டங்களில் அதிலிருந்தும் பெண்ணே பிறக்கும். உயிரோடு வளர்க்கிறீர்கள் என்றால், தேனில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்துப் பாருங்கள், அடுத்த தலைமுறைகளில் ஆண்கள் வரும்.

உலர்த்தினால் சுருங்கிவிடுகிறதே?

காற்றில் உலர்த்தவே வேண்டாம். ஆல்கஹாலிலேயே வைத்திருந்து, கனடா பால்சம் என்ற தெளிவான மரப்பிசினில் பதித்து, நுண்ணோக்கி ஸ்லைடு போடுங்கள்.

சிற்றினத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டு, அதாவது டி.என்.ஏ. பார்கோடு, மட்டும் போதாதா?

2021-இல் கோஸ்டாரிகாவின் பிரக்கோனிட் என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தில் 403 புதிய சிற்றினங்களைப் பெரும்பாலும் பார்கோடும் ஒரு படமும் மட்டும் தந்து விவரித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறாண்டுக்கு முன் பெயரிட்ட குளவியின் ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி, பெரும்பாலும் பழைய ஸ்லைடாகத்தான் இருக்கிறது. அதோடு உருவத்தைத்தானே ஒப்பிட முடியும்? உடலைச் சிதைக்காமல் டி.என்.ஏ. எடுத்து, அதே உடலை ஸ்லைடாக்குங்கள். இரண்டும் கையில் இருக்கும்.

பெயர் கொஞ்சம் தவறினால் யாருக்கு நட்டம்?

1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் அதே பூச்சி கிடைத்ததாக நினைத்து, அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டு முயன்றார்கள். பலிக்கவில்லை. அங்கே கிடைத்த பூச்சியில் ஆண்களும் இருந்தன. ஆப்பிரிக்கப் பூச்சியிலோ பெண்கள் மட்டுமே. அது வேறு சிற்றினம்! சரியான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. அதைத் தாக்கும் அனாகைரஸ் லோபெசி குளவியை அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டார்கள். அது பல நாடுகளுக்குப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. இதை நினைக்கும்போதெல்லாம், குளவியின் பெயரோடு அது தாக்கும் பூச்சியின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பேன்.

ஒரே ஒரு பெண் குளவிதான் கிடைத்தது. புதிய சிற்றினம் என்று அறிவிக்கலாமா?

விலங்குகளுக்குப் பெயரிடும் விதி அனுமதிக்கிறது. ஆனாலும் நான் பொறுத்திருப்பேன். கிடைத்த இடத்திலேயே மறுபடி முட்டைகளைச் சேகரித்து வளர்த்துப் பாருங்கள். எந்தப் பூச்சியின் முட்டையிலிருந்து வந்தது என்பதை லேபிளில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.