அதிகாரம் முழுவதையும் வாசித்தீர்களா?

சிங்கப்பூரில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, வேதபாடம் முடிந்து தேநீர் வருவதற்கு முன், ஒரு பழைய மைலோ டின் வரிசை வரிசையாகக் கைமாறும். கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட்டுவிட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. நான் போதகர் அல்ல. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வேதபாட வகுப்பு நடத்துவது அதற்கும் முந்திய பழக்கம். இந்த மாதம் பேசியது ‘வேதத்தின் அதிகாரம்’. அன்று சொன்னதோடு, தேநீர் ஆறிவிடும் என்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் பழைய மொழிபெயர்ப்பில்.

டீச்சர், நான் தேசிய சேவையில் இருக்கிறேன். முகாமில் பக்கத்துக் கட்டில் நண்பன், “மனிதர்கள் எழுதிய புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் கொடுக்கிறாய்?” என்று கேட்கிறான். வாயடைத்துப் போனேன்.

தம்பி, மனிதர்கள் எழுதியதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வேதமே அதை மறைக்கவில்லை. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதுவதாகச் சொல்லிவிடுகிறார். நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் “வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்ற வசனம் 2 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தையும் புரட்டிப் பாருங்கள். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, தோற்சுருள்களையும் மறந்துவிடாதே, மாரிகாலத்துக்கு முன்பே வந்துவிடு என்று பவுல் கேட்கிறார். சிறையில் குளிருக்குப் பயப்படும் ஒரு முதியவரின் கடிதம் அது. தேவ ஆவியும் அந்த மேலங்கியும் ஒரே கடிதத்தில் இருப்பது எனக்கு இடறலாகப் படவில்லை. தேவன் பேசுவதற்கு மனிதனின் குளிரைத் துடைத்தெறியத் தேவையில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன்.

நண்பனிடம் வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். மாற்கு சுவிசேஷத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 16 அதிகாரங்கள்தான். வார இறுதியில் வீடு திரும்பும் ரயிலிலேயே பாதி முடிந்துவிடும். அந்த இயேசு யார் என்று அவனே கேட்கட்டும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருடத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம்) எரேமியா 29:11 வந்தது. ஏப்ரலில் என் கணவர் ஆட்குறைப்பில் வேலை இழந்தார். இன்னும் கிடைக்கவில்லை. அட்டை பொய்யா, என் விசுவாசம் குறைவா? (செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி)

இரண்டும் இல்லை, அம்மா. அட்டை சிறியது. அவ்வளவுதான் அதன் குற்றம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆளுகைக்கும் அதிகாரம் என்றுதான் சொல்கிறோம், நூலின் பிரிவுக்கும் அதிகாரம் என்றுதான் சொல்கிறோம். வேதத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்கிறவர், அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தாரா என்று கேட்பது என் வழக்கம். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. வசனத்தைத் தேடிப் பிடிக்க அவை உதவும். பிய்த்தெடுக்க வந்தவை அல்ல.

இப்போது எரேமியா 29ஐ முதலிலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னும் சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா சொன்னதோ எழுபது வருடம். அந்த எழுபது வருடத்தைச் சொல்லும் பத்தாம் வசனத்தை அடுத்துத்தான் உங்கள் அட்டையிலுள்ள “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” வருகிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள். ஐந்தாம் வசனத்திலிருந்து ஏழு வரை இதுதான்.

உங்கள் வீட்டில் அது எப்படியிருக்கும்? கணவர் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு, விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவருவது. நீங்கள் செலவைக் கணக்குப் பார்த்து எழுதுவது. சபையில் யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துவது. கடைசியாகச் சொன்னது எனக்கு முக்கியம். தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் நம் வரிசையிலேயே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டையையும் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, ஐந்தாம் ஏழாம் வசனங்களை அங்கே எழுதிவையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தேன். “புறப்பட்டுப் போ” என்று வந்தது. போகலாமா?

சம்பளம், குடும்பம், அங்கே சபை இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுங்கள். விரல் வைத்த இடத்தில் “யூதாஸ் நான்றுகொண்டு செத்தான்” என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாத்தான்கூட இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தைச் சரளமாகச் சொன்னான், “உன் வழிகளிலெல்லாம்” என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு.

என் கணவர் எதற்கெடுத்தாலும் எபேசியர் 5:22 சொல்கிறார். “மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்” என்பதற்கு மேல் பேச்சே இல்லை.

அந்தக் கடிதம் அவருக்கும் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். 21ஆம் வசனம்: “தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.” பிறகு மனைவிக்கு மூன்று வசனம். 25 முதல் அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் கணவனிடம்தான் பேச்சு, கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூரு என்று. அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து உரக்கப் படிப்பது எளிது. தன் பெயருக்கு வந்ததைப் பிரிக்கத்தான் கை நடுங்கும்.

இதை எழுதியவர் கையெழுத்தைப் பார்த்தபின் ஒன்று சேர்க்கிறேன். கை ஓங்குகிற வீடாக இருந்தால், இருந்து அடிவாங்கு என்று எந்த வசனமும் சொல்லவில்லை. உங்கள் பேட்டையில் இருக்கும் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் நான் கூட வருகிறேன். உயிருக்கு ஆபத்தென்றால் 999ஐ அழையுங்கள். மற்றது பிறகு.

சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தவறாமல் சபைக்குக் கொடுக்கிறேன். வீட்டுக் கடன், டியூஷன் போக, தோ பாயோவில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. தேவனுக்கு முதலிடம் கொடுத்தது தவறா?

இதே கேள்விக்கு மாற்கு 7இல் பதில் இருக்கிறது, அதுவும் கோபமான பதில். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று பரிசேயர் வைத்திருந்தார்கள். இயேசு அதற்கு வைத்த பெயர் “தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்”. பக்தியைக் காட்டி, தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற ஐந்தாவது கட்டளையிலிருந்து நழுவக் கூடாது.

நம் நாட்டில் 1995இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. தம்மைக் காத்துக்கொள்ள முடியாத 60 வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு முறையிடலாம். உங்கள் அம்மா முறையிட மாட்டார். எங்கள் தலைமுறைத் தாய்மார் “எனக்கென்ன செலவு” என்று சொல்லிவிட்டு மதியம் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இந்த மாதமே அம்மாவின் பெயரைக் கணக்குப் புத்தகத்தின் முதல் வரியில் எழுதுங்கள். பிறகு மீதியைப் போதகரிடம் பேசுங்கள். காணிக்கை குறைகிறதே என்று சபையில் யாராவது முகம் சுளித்தால் மாற்கு 7ஐ அவர்களுக்கும் வாசித்துக்காட்டுகிறேன்.

எங்கள் பணிப்பெண்ணுக்கு மாதம் ஒருநாள் விடுப்பு தருகிறோம். மற்ற ஞாயிறுகளுக்கு, அவள் சம்மதத்தோடு, பணம் கொடுத்துவிடுகிறோம். ஆராதனை நேரத்தில் கைக்குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சட்டப்படி சரிதானே?

சட்டப்படி சரி. பணமாக மாற்ற முடியாத ஓய்வுநாள் மாதம் ஒன்றாவது தர வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் விதி. நீங்கள் சீட்டைப் போட்டது சட்டம் தெரியாமல் அல்ல, மனம் உறுத்தியதால் என்று நினைக்கிறேன்.

உபாகமம் 5:14ஐப் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளை வீட்டுக்காரனோடு நிற்கவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. ‘உன்னைப்போல’ என்ற சொல்லில்தான் எனக்கு முள் தைக்கும். அடுத்த வசனம் காரணத்தைச் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை. எங்கள் பாட்டனார் ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். ஆராதனை மண்டபத்துக்கு வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணை நான் பல ஞாயிறு பார்த்திருக்கிறேன். உள்ளே நாம் “இளைப்பாறுதல் தருவேன்” என்று பாடிக்கொண்டிருக்கிறோம். குழந்தையை நீங்களும் கணவரும் மாறிமாறி வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும், பிரசங்கத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மாமி முறுக்கும் அதிரசமும் கொடுத்தார். சாமிக்குப் படைத்ததோ என்னவோ. வாங்கலாமா?

வாங்கிச் சாப்பிடுங்கள், தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 1 கொரிந்தியர் 10இன்படி விருந்துக்கு அழைத்தவர் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடச் சொல்கிறார் பவுல்.

துவாஸ் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், அக்கா. இரவு வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்தில் தூங்கிவிடுகிறேன். லாரியில் போகும்போது கைப்பேசியில் கேட்கிறேன். அது வாசிப்பில் சேருமா?

தாராளமாகச் சேரும், தம்பி. திருச்சபையின் முதல் தலைமுறையில் பெரும்பாலோர் காதால் கேட்டவர்கள்தாம். வெளிப்படுத்தின விசேஷம் 1:3 வாசிக்கிறவனை ஒருமையிலும் கேட்கிறவர்களைப் பன்மையிலும் சொல்கிறது. ஒருவர் வாசிக்க ஊரே கேட்டது. தூங்குவதைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். அப்போஸ்தலர் 20இல், பவுல் நெடுநேரம் பிரசங்கம் செய்ய, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். ‘ஏன் தூங்கினாய்’ என்று கேட்டதாக எழுதப்படவில்லை.

எந்தத் தமிழ் வேதாகமம் சரியானது? பேரப்பிள்ளைகளுக்குப் பழையது புரியவில்லை.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் வந்தது. பிறகு பப்ரிசியஸ், ரேனியஸ், பவர் என்று தலைமுறைக்குத் தலைமுறை திருத்திக்கொண்டே வந்தார்கள். பழையது என்று நாம் கட்டிப்பிடிக்கும் மொழிபெயர்ப்பும் ஒருகாலத்தில் புதியதாக வந்து திட்டு வாங்கியதுதான். 1995இல் வந்த திருவிவிலியம் பேரப்பிள்ளைகளின் நாக்குக்கு எளிது. எனக்கு ஜெபம் வருவது பழைய தமிழில்தான். அது என் வயது, கட்டளை அல்ல.

டீச்சர், நீங்கள் இதுவரை கீழ்ப்படியாத வசனம் எது?

இந்தச் சீட்டு டின்னின் அடியில் இருந்தது. பென்சில் எழுத்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்கும். அன்று மாலை இதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மத்தேயு 5:23, 24. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முன்பு போய் ஒப்புரவாகு. என் தங்கை ஜொகூர் பாருவில் இருக்கிறாள். அம்மா இறந்தபின் ஒரு ஜோடி வளையலுக்காகப் பேச்சு நின்றது. பதினொரு வருடம். வளையல் என் அலமாரியில்தான் இருக்கிறது, அம்மா அதைச் சுற்றிவைத்த அதே மஞ்சள் துணியில். இந்தப் பதினொரு வருடமும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் காணிக்கை உறையைப் போட்டிருக்கிறேன்.

குயின் ஸ்திரீட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 170ஆம் எண் பஸ் போகிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கேள்வி பதில் இருக்காது.