கோவா டிரையத்லானும் புற்றுநோய் நிதியும்: வாசகர் கேள்வி – பதில்

எனக்கு வயது 38, ஐ.டி. வேலை. 10 கி.மீ. ஓட்டம் பழக்கம். நீச்சல்குளத்தில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியில் கலந்துகொண்டு, அதை முன்னிட்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்ட நினைக்கிறேன். ஆறு மாதம் போதுமா?
– வாசகர், கோவை

போதும், நீச்சலை முதல் வாரமே தொடங்கினால். அயர்ன்மேன் 70.3 என்பது மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான்: 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றுக்கும் சேர்த்துக் கெடு 8 மணி 30 நிமிடம். நீச்சலை 1 மணி 10 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி. இது நிதானமான வேகம்தான். ஓட்டக்காரர்கள் பலர் தங்களுக்கு நன்றாக வரும் ஓட்டத்தையே கூட்டிக்கொண்டு போய், நீச்சலைக் கடைசி இரண்டு மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். போட்டியன்று முதலில் நிற்பது கடல்.

50 மீட்டரில் மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடல் வலு இல்லாமை அல்ல. தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கியதும் விடவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் முயல்வதுதான். முகம் தண்ணீரில் இருக்கும்போதே மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருங்கள். வாரம் மூன்று நாள், 25 மீட்டர் வீதம் 16 தடவை, இடையில் 20 விநாடி ஓய்வு என்று தொடங்குங்கள். எட்டாவது வாரம் நிற்காமல் 400 மீட்டர், பதினாறாவது வாரம் 1,500, இருபதாவது வாரம் 2,000 என்று வந்தால் போதுமானது.

சைக்கிள் வாரம் இரண்டு நாள். வேலைநாளில் ஒரு மணி நேரம். ஞாயிறு 40 கி.மீ.யில் தொடங்கி மெல்ல 100 கி.மீ. வரை. ஓட்டம் இரண்டு நாள் போதும், நீண்ட ஓட்டம் 18 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு ஆறு மணி நேரத்தில் ஆரம்பித்துப் பத்து மணி நேரம் வரை போகலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில்தான் உடல் தேறும். அந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் முழங்கால் வலியோடு வருகிறார்கள். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து, ஞாயிறு சைக்கிளை விட்டு இறங்கியவுடன் 20 நிமிடம் ஓடுங்கள். கால் மரத்ததுபோல் இருக்கும், நாலைந்து வாரத்தில் பழகிவிடும்.

குளத்தில் மட்டும் பழகியவர் கடலில் திசை தெரியாமல் வளைந்து வளைந்து போய், 1.9 கி.மீ.யை 2.3 ஆக்கிவிடுவார். ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி மிதவையைப் பார்க்கும் பழக்கத்தைக் குளத்திலேயே கொண்டுவாருங்கள். போட்டிக்கு முன் மூன்று நான்கு தடவையாவது கடலில் நீந்த வேண்டும். மீட்பாளரும் படகும் உள்ள பயிற்சிக் குழுவோடு மட்டும். மெரினா போன்ற இழுப்பு மிகுந்த கரைகளில் இறங்கவே வேண்டாம். கோவா கடல் வெதுவெதுப்பானது. மிதப்பு தரும் வெட்சூட்டை (ரப்பர் நீச்சலுடை) நம்பாமல் சாதாரண நீச்சலுடையிலேயே பழகுங்கள். உப்புநீரில் கழுத்தும் அக்குளும் உரசிப் புண்ணாகும், வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

நிதி திரட்ட என் பெயரில் தனி வங்கிக் கணக்குத் தொடங்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவும் தருவதாகச் சொல்கிறார்.
– வாசகர், திருச்சி

வேண்டாம். காசு உங்கள் கையைத் தொடவே கூடாது. தருகிறவர் மருத்துவமனையின் கணக்குக்கே நேராகச் செலுத்தட்டும். ரசீது அவர் பெயரில் வரும். நீங்கள் வாங்கி மொத்தமாகக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில் வரும், தந்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது, உங்கள் கணக்கில் வந்த பணத்துக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது. இதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் வழக்கமான வங்கி வழியில் அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென அனுமதி பெற்ற நிறுவனத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். உங்களுக்கு அனுப்பி நீங்கள் மாற்றிக் கட்டுவது சட்டச் சிக்கல்.

தொடங்குமுன் மருத்துவமனையின் நன்கொடைப் பிரிவுக்கு எழுதி, பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எதற்குப் பணம் அதிகம் தேவை என்றும் கேளுங்கள். அடையாறு மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விதைத்து, டாக்டர் சாந்தா வளர்த்த இடம். வசதியில்லாதவர்களுக்குச் சிகிச்சை தருவதற்கு நன்கொடையை நம்பியிருக்கிறது. 'புற்றுநோய்க்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் மருந்துச் செலவுக்கு' என்று கேட்டால் கொடுக்கிறவர் மனதில் நிற்கும். ஆனால் நோயாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் போடாதீர்கள், அது குழந்தையானால் இன்னும் கவனம்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியை அனுப்பினால் பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவர் தருவார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் போனில் கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயணம், சைக்கிள் செலவு எல்லாம் உங்கள் சொந்தப் பணம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். நன்கொடையில் ஒரு ரூபாயும் போட்டிக்குப் போகக் கூடாது.

நீண்ட சைக்கிள் பயிற்சியில் மூன்றாவது மணி நேரத்தில் தலை சுற்றுகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்.
– வாசகர், மதுரை

தண்ணீர் மட்டும் நிறையக் குடிப்பதே காரணமாக இருக்கலாம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம், வலிப்பு வரை போகும். இன்னொரு காரணம், சாப்பிடாமல் ஓட்டுவது.

ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கை மணிக்கு ஈடு செய்தால் போதும்.

வீட்டில் கலக்க: ஒரு லிட்டர் தண்ணீர், மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில் பாதிப் பாக்கெட் (முழுப் பாக்கெட் சுமார் 21 கிராம்), 50 கிராம் சர்க்கரை. இதில் சுமார் 57 கிராம் மாவுச்சத்தும் 850 மில்லிகிராம் அளவுக்குச் சோடியமும் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஆகாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உங்கள் இலக்கு. வயிறு பழகினால் 80 வரை. ஒரு வாழைப்பழம் 20–25 கிராம் தரும். கடலைமிட்டாயில் கொழுப்பு அதிகம், வேகமாக ஓட்டும்போது வயிற்றில் கல்லாக நிற்கும். போட்டியன்று புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள். வலி வந்தால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரை இரட்டைச் சுமை.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஏழு மாதம். வலது அக்குளில் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகள்) எடுத்திருக்கிறார்கள். தம்பி கோவாவுக்குத் தயாராகிறான். நானும் ரிலேயில் (மூன்று பகுதிகளையும் குழுவாகப் பிரித்துக்கொள்வது) சைக்கிள் பகுதியை ஓட்ட ஆசைப்படுகிறேன். முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

ஆசையை விட வேண்டாம் அம்மா; வழியை மட்டும் சரியாகப் பிடியுங்கள். உடற்பயிற்சி சிகிச்சைக்குப் பின் நல்லது என்பதற்கு இப்போது வலுவான சான்று உண்டு. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டு ஒழுங்கான பயிற்சி பெற்றவர்களில் எட்டு ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2. மார்பகப் புற்றுநோய்க்கு அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: டாக்ஸோரூபிசின் (சிவப்பு மருந்து) அல்லது டிராஸ்டுஸுமாப் போட்டிருந்தால், இதயம் எப்படி இருக்கிறது என்று எக்கோ பார்த்தாயிற்றா? லெட்ரோசோல் மாத்திரை எடுத்தால் எலும்பு அடர்த்தி எப்படி? பேக்ளிடாக்ஸெல் போட்டவர்களுக்கு விரலும் பாதமும் மரத்திருக்கும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. அப்படியானால் முதல் இரண்டு மாதம் வீட்டுக்குள் நிலைச்சைக்கிள்தான்.

வலது கை விஷயம் முக்கியம். ஹேண்டிலில் சாய்ந்தே ஓட்டினால் கை வீங்கலாம். ஹேண்டிலை இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி, உடல் எடையை இருக்கைக்கு மாற்றுங்கள். இரு கைகளின் சுற்றளவையும் முழங்கைக்கு மேல், கீழ் 10 செ.மீ.யில் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். முன்பைவிட 2 செ.மீ. கூடினால் நிறுத்திப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். சிராய்ப்பும் வெயில் கொப்புளமும் அந்தக் கையில் ஆகாது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வாரம் ஐந்து நாள் 20 நிமிட நடையில் தொடங்குங்கள். ரிலேக்கு இந்த ஆண்டைவிட அடுத்த ஆண்டு பொருத்தம் என்று படுகிறது.

போட்டிக்கு ஐந்து வாரம். கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது. இதுவரை 1.8 லட்சம் வந்துவிட்டது. பணம் தந்தவர்களுக்காக ஓடித்தானே ஆக வேண்டும்?
– வாசகர், சேலம்

ஓடக் கூடாது. விரல் நுனி அளவு இடத்தில் எலும்பு வலித்தால், குதித்தால் கூடினால், அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். முதல் மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதித்தால் நீச்சலைத் தொடருங்கள்.

அவர்கள் தந்தது மருத்துவமனைக்கு. பணம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அது மருந்தாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. தந்த ஒவ்வொருவருக்கும் இந்த வாரமே நாலு வரி எழுதுங்கள்: காயம், மருத்துவர் சொன்னது, இதுவரை சேர்ந்த தொகை, ரசீது வராதவர்கள் யாரைக் கேட்க வேண்டும் என்பது. பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற வழி உண்டா என்று அமைப்பாளர்களிடம் கெடு முடியுமுன் கேளுங்கள்.