ஒபரேசனுக்கு முதல் பயொப்சி பற்றிக் கேளுங்கள், தம்பி

அப்பாவின் சிறுநீரகக் கட்டி கீழ்ப் பெருநாளத்துக்குள்ளும் (உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய நாளம்) வளர்ந்திருக்கிறது, ஒரு வைத்தியர் சிறுநீரகப் புற்றுநோய் என்கிறார், மற்றவர் லிம்போமாவாகவும் (நிணநீர்த் தொகுதியின் புற்றுநோய்) இருக்கலாம் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளத்துக்குள் இறங்குவது சிறுநீரகப் புற்றுநோயின் குணம். அதனால் ஸ்கானைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். லிம்போமா அப்படிச் செய்வது மிக அரிது, ஆனால் செய்யும். என் மாமாவுக்கு அதுதான் நடந்தது. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனார். இரவு வியர்வையில் தலகணி உறை பிழியலாம்போல நனைந்திருக்கும், மாமி விடிய எழும்பிக் கொடியில் காயப்போடுவார். ஒபரேசனுக்கு நாள் குறித்த பிறகுதான் ஊசி பயொப்சி, அதாவது ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்தார்கள். லிம்போமா! சிறுநீரகத்தில் கை வைக்கவேயில்லை, கீமோவிலேயே கட்டி சுருங்கியது.

அப்பாவுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்குப் பெரும்பாலும் கத்தி, மற்றதுக்கு மருந்து. அதனால் வெட்ட முதல் பயொப்சி செய்யலாமா என்று நேரே கேளுங்கள். இரத்தத்தில் எல்.டி.எச். (லிம்போமாவில் கூடக்கூடிய ஒரு நொதி) பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பிரட்னிசொலோன் போன்ற ஸ்டீரோய்ட் குடிக்கிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், அது லிம்போமாவைச் சுருக்கி பயொப்சி முடிவைக் குழப்பிவிடும். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஸ்கான் சீடியையும் பயொப்சி அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கால் திடீரென்று வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம். அந்த இரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.